சில்லுக்குள் இருக்கும் காற்று

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தமது காரிலே புறப்படும் ஒரு குடும்பத்தை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவரலாம். சாரதியின் ஆசனத்தில் தகப்பனார், பக்கத்தில் தாயார், பின்னால் பாட்டியும் இரு பிள்ளைகளும், பின்பெட்டி நிறையப் பொதிகள். விடியுமுன் புறப்பட்டவர்கள் வவுனியாவை அடையும்போது உச்சி வெயில். பெற்றோல் நிலையத்தில் எரிபொருள் நிரப்பியபின், "தம்பி, காற்றையும் ஒருக்காற் பாரும்" என்கிறார் தகப்பனார். இளைஞன் அமுக்கமானியை வைத்துப் பார்க்கிறான். "36 நிற்குது ஐயா. இந்த வெயிலுக்கு வெடிச்சுப் போகும். 32 க்கு இறக்கிவிடட்டோ?" என்கிறான். தகப்பனார் சம்மதிக்கிறார். நான்கு சில்லுகளிலிருந்தும் 'உஸ்' என்ற ஒலியோடு காற்று வெளியேறுகிறது. ஆபத்தொன்று நீங்கிவிட்டதென்ற நிறைவோடு கார் வடக்கு நோக்கிப் புறப்படுகிறது.

உண்மையில் அவ்வேளையிலேதான் ஆபத்து வண்டியில் ஏறிக்கொண்டது.

இதனை விளங்கிக்கொள்வதற்கு, காரின் பாரத்தைத் தாங்குவது யாது என்ற கேள்வியிலிருந்து தொடங்குதல் வேண்டும். இறப்பர் தாங்குகிறது என்றே பலரும் எண்ணுவர். பாரத்தின் மிகப் பெரும் பங்கைத் தாங்குவது அதனுள் அடைபட்ட காற்றேயாம். ஆட்களோடும் பொதிகளோடும் 1,500 கிலோகிராம் எடையுள்ள ஒரு காரில், ஒவ்வொரு சில்லின்மீதும் ஏறத்தாழ 825 இறாத்தல் பாரம் இறங்குகின்றது. காற்றின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 32 இறாத்தலாயின், அச்சில்லு ஏறத்தாழ 26 சதுர அங்குல நிலத்தைத் தொட்டு நிற்கும். அஃதாவது, விரல்களோடு சேர்ந்த ஒரு கையின் பரப்பு. ஒரு குடும்பத்தின் உயிர் முழுவதும் இத்தகைய நான்கு கைகளின்மீதே ஓடுகின்றது.

காற்றுக் குறைந்தால், குறைந்த தாங்குதலை ஈடுசெய்யும்பொருட்டு டயர் மேலும் தட்டையாகி, அதன் பக்கச் சுவர் அதிகமாக வளைகின்றது. மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் காரின் சில்லு நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 தடவை சுழலும். ஒவ்வொரு சுழற்சியிலும் பக்கச் சுவரின் ஒவ்வோர் இடமும் ஒருமுறை வளைந்து நிமிர்தல் வேண்டும். கம்பியொன்றை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் அது சூடேறுவதைச் சிறுவரும் அறிவர். இறப்பரும் அவ்வாறே சூடேறுகின்றது. சூடு மிகுந்தால் உள்ளிருக்கும் நூலிழைகளும் உருக்குக் கம்பிகளும் இறப்பரைவிட்டுப் பிரியத் தொடங்கும். நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்குப் பெரிதுங் காரணமாவது இதுவே. காற்று மிகுந்ததால் வெடிப்பதிலும், காற்றுக் குறைந்து சூடேறி வெடிப்பதே அதிகம். நல்ல நிலையிலுள்ள டயர் 36 இறாத்தலுக்கு வெடிப்பதில்லை; அதன் பக்கச் சுவரிற் பொறிக்கப்பட்டிருக்கும் உச்ச அளவே பெரும்பாலும் 44 அல்லது 51 ஆகும். (அவ்வுச்ச அளவுவரை காற்றடித்துவிடுபவரும் உளர். அதுவும் தவறே. அப்போது டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, நிலத்தைப் பற்றும் பரப்பும் சுருங்கிவிடும்.)

அவ்வாறாயின் அந்த 36 எங்கிருந்து வந்தது? விடியற்காலையில் 27 பாகை செல்சியசில் 32 ஆக இருந்த காற்று, ஓட்டத்தினால் 50 பாகை வரை சூடேறியபோது இயல்பாகவே 36 ஆயிற்று. காரைச் செய்தவர்கள் இவ்வேற்றத்தையுங் கணக்கிற் கொண்டே 32 என்று குறித்தனர். அந்நான்கு இறாத்தலை வெளியேற்றினால், மறுநாட் காலை யாழ்ப்பாணத்தில் சில்லு குளிர்ந்திருக்கும்போது எஞ்சுவது 29 தான். ஒரு பழுதுமில்லாத டயரும் மாதத்துக்கு ஓரிரு இறாத்தலைத் தானாகவே இழக்கும். இரண்டு மாதம் கவனியாதிருந்தால் அளவு 26 அல்லது 27 க்கு வந்துவிடும். கண்ணுக்கோ டயரில் ஒரு மாற்றமுந் தெரியாது. காலால் உதைத்துப் பார்க்கும் வழக்கம் மனத்துக்கு ஆறுதல் தருவதன்றி வேறொன்றுந் தருவதில்லை.

ஆகவே அளக்கவேண்டிய வேளை காலை. கார் ஓடுமுன், அல்லது நின்று மூன்று மணித்தியாலமாவது கழிந்தபின். அளவு எவ்வளவு என்பதைச் சாரதியின் கதவைத் திறந்தால் அங்கே ஒட்டியிருக்கும் தாளிற் காணலாம். இலங்கையில் ஓடும் கார்களிற் பெரும்பாலானவை யப்பானிலிருந்து வந்தவை. தாளும் யப்பானிய எழுத்திலேயே இருக்கும். ஆயினும் எண்கள் எல்லார்க்கும் பொது. 220 என்றிருப்பது கிலோபஸ்கால் கணக்கு. அது 32 இறாத்தலுக்குச் சமம். 230 என்பது 33, 240 என்பது 35. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் வெவ்வேறு எண் இருத்தலுங் கூடும்.

நுவரெலியாவுக்குச் செல்வோர் அங்கே காற்றை மாற்றவேண்டுமோ என்று ஐயுறுவர். மலையேறும்போது வெளிக்காற்றின் அமுக்கம் குறைவதால் மானியின் அளவு ஏறத்தாழ 3 இறாத்தல் கூடும். அங்குள்ள குளிரினால் இரண்டுக்குச் சற்று மேல் குறையும். ஒன்றை மற்றொன்று ஈடுசெய்துவிடுவதால் கொழும்பில் அடித்த காற்றே போதுமானது.

இது சிறு விடயமென்று எண்ணுவோர்க்கு ஐக்கிய அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டில் நிகழ்ந்தவற்றை நினைவூட்டலாம். ஃபோர்ட் எக்ஸ்புளோரர் என்னும் குடும்ப வண்டியில் பூட்டப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓட்டத்திலேயே தோலுரிந்து, இருநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். டயரின் அமைப்பும் வண்டியின் அமைப்பும் குறைகூறப்பட்டன. அவற்றோடு குறைந்த காற்றும் வெப்பமும் பேசப்பட்டன. அதன்பின் வந்த சட்டத்தால், காற்றுக் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு அந்நாட்டின் புதிய கார்களில் 2007 முதல் கட்டாயமாயிற்று. எனினும் குறித்த அளவில் நாலிலொரு பங்கு குறைந்தாலன்றி அது எரியவேண்டிய கட்டாயமில்லை. 32 வேண்டிய சில்லு 24 ஆகும் வரை அது பேசாதிருக்கலாம். இலங்கைக்கு வந்த பழைய கார்கள் பலவற்றில் அவ்விளக்குங் கிடையாது.

யாழ்ப்பாணத்தை அடைந்த குடும்பம் மறுநாட் காலை செய்யக்கூடியது எளிது. வெயில் ஏறுமுன் அருகிலுள்ள பெற்றோல் நிலையம்வரை மெதுவாகச் சென்று, மூன்று இறாத்தலைத் திரும்ப ஏற்றிக்கொண்டு, வால்வின் மூடியை மறவாமற் பூட்டிவிடலாம். அவ்வேளையில் பின்பெட்டியிலுள்ள மேலதிகச் சில்லையும் வெளியே எடுத்தல் நன்று. அது மெல்லிய தற்காலிகச் சில்லாயின் அதற்கு வேண்டுவது 420 கிலோபஸ்கால், அஃதாவது 60 இறாத்தல். பொதிகளுக்கு அடியிற் கிடக்கும் அச்சில்லைக் கார் வாங்கிய நாள்முதல் ஒருவரும் தொட்டிருக்கமாட்டார்கள்.