நகர்ந்த கண்டங்களும் நம்முடைய கதைகளும்



பூமியை ஆதிசேஷன் தாங்குகிறான் என்றும், ஓர் அசுரன் அதைப் பாயாகச் சுருட்டிக்கொண்டு ஓடினான் என்றும் புராணக்காரர்கள் சொல்லி வந்தார்கள். எப்படி என்று கேட்டால் பாவம் என்றார்கள். விஞ்ஞானத்தின் யோக்கியதை என்ன என்பதற்கு ஒரு சங்கதியை இன்று எடுத்துச் சொல்லுகிறோம்.

1912-ல் ஜெர்மனி தேசத்து வானிலை ஆராய்ச்சிக்காரரான ஆல்பிரட் வெகெனர், கண்டங்கள் யாவும் ஒரு காலத்தில் ஒரே நிலமாயிருந்து பிரிந்து போனவை என்றார். ருஜுவும் காட்டினார். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் கிழித்த காகிதத் துண்டுகள்போல் பொருந்துகின்றன. பெருங்கடலைத் தாண்டமுடியாத 'மெசோசாரஸ்' என்னும் சிறு பிராணியின் கல்லாய்ச் சமைந்த எலும்பு இரண்டு கண்டங்களிலும் கிடைக்கிறது. வெயில் கொளுத்தும் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பழைய பனிப்பாறைகள் உராய்ந்த தழும்புகள் இருக்கின்றன.

பூகர்ப்ப சாஸ்திரிகளில் பெரும்பாலோர் ஒப்பவில்லை. "இவ்வளவு பெரிய நிலத்தைத் தள்ளுவது எது?" என்றார்கள். நியாயமான கேள்விதான், வெகெனர் சொன்ன விடை போதவில்லை. 1930-ல் கிரீன்லாந்துப் பனியில் அவர் மாண்டார். ஆனால் புதுக் கருத்துச் சொன்னதற்காக அவரை யாரும் கழுவேற்றவில்லை, விசாரணையை மூடிவிடவுமில்லை. உலையில் கஞ்சி சுழல்வதுபோல் பூமிக்குள் பாறை வெப்பத்தால் மெல்லச் சுழன்று கண்டங்களை இழுக்கலாம் என்றார் ஆர்தர் ஹோம்ஸ். கடலடியில் புதுத்தரை பிறந்து இருபுறமும் விலகுகிறது என்றார் ஹாரி ஹெஸ், 1962-ல். அத்தரையிலுள்ள காந்தக் கோடுகளே சாட்சி என்றார்கள் வைனும் மேத்யூஸும், 1963-ல். மறுத்தவர்களில் பலர் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டார்கள். அட்லாண்டிக் சமுத்திரம் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் அகலுவதை இன்று அளந்தே பார்க்கிறார்கள்.

தோழர்களே! இதில் நமக்கும் ஒரு புத்தி இருக்கிறது. லெமூர் என்னும் பிராணி மடகாஸ்கரிலும் அதன் உறவினப் பிராணிகள் இந்தியாவிலும் இருந்ததற்குக் காரணம் சொல்ல, 1864-ல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேயர் 'லெமூரியா' என்றொரு கண்டம் இருந்து மறைந்ததாக ஊகித்தார். நம் பண்டிதர்கள் அதையே குமரிக்கண்டமாக்கிப் பெருமை பேசினார்கள். நிலங்களே நகர்ந்தன என்று விளங்கியபின் அந்த ஊகத்துக்கு விஞ்ஞானத்தில் வேலையில்லை. தமிழின் மேன்மைக்கு முழுகிப்போன கண்டம் எதற்கு?

அடுத்தவன் புராணத்துக்கு ருஜு கேட்கிற நாம், நமக்கு இனிக்கிற கதைக்கும் ருஜு கேட்கவேண்டாமா? கேட்கப் பயந்தால் நமக்குப் பகுத்தறிவுவாதி என்ற பேர் எதற்கு?