மனதை நிறுக்கும் தராசு

(வாசகசாலைக் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். கேள்விகள் கேட்டு மனிதனுடைய மனதை அளந்துவிடலாம் என்று சொல்லுகின்ற மனோதத்துவக் கேள்வித்தாள்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகின்றோம்.

இதைப் பேச நேர்ந்ததற்குக் காரணம் ஓர் இளைஞர். அவர் ஒரு கம்பெனி வேலைக்கு மனுப் போட்டிருந்தார். அங்கே நூறு கேள்விகள் அச்சடித்த தாளைக் கொடுத்து, "ஆம்", "இல்லை" என்று குறிக்கச் சொன்னார்களாம். கூட்டத்தைக் கண்டால் கூச்சமா, அடிக்கடி கோபம் வருமா, தனியாக இருக்கப் பிரியமா என்பது போன்ற கேள்விகள். பத்து நாள் கழித்து, "உமது குணம் இந்த வேலைக்கு ஏற்றதல்ல" என்று பதில் வந்தது. அவர் நம்மிடம் வந்து, "ஜாதகம் பொருந்தவில்லை என்று பெண் கொடுக்க மறுத்தால் மேடையேறிக் கண்டிக்கின்றீர்கள். குணம் பொருந்தவில்லை என்று வேலை கொடுக்க மறுத்தால் மட்டும், அது விஞ்ஞானம் என்று சும்மா இருக்கின்றீர்களே, இது என்ன நியாயம்?" என்று கேட்டார்.

தோழர்களே! அன்று நம்மால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நாம் காலேஜ் படிப்புப் படித்தவர்களல்ல. ஆகவே கிடைத்த புத்தகங்களைத் தேடிப் படித்து, தெரிந்தவர்களைக் கேட்டு, விளங்கிக்கொண்ட அளவில் இன்று பதில் சொல்லுகின்றோம்.

39 மாணவர்களின் கதை

அமெரிக்காவில் பெர்ட்ராம் ஃபோரர் என்று ஒரு மனோதத்துவ ஆசிரியர் இருந்தார். 1948-ம் வருஷத்தில் அவர் தமது வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஒரு கேள்வித்தாளைக் கொடுத்துப் பதில் எழுதி வாங்கினார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவர் கையிலும், அவரவர் பெயர் எழுதிய தாளைக் கொடுத்து, "இதுதான் உமது குணம், எவ்வளவு சரியாக இருக்கின்றது என்று 5-க்கு மார்க்குப் போடும்" என்றார். மாணவர்கள் போட்ட மார்க்கின் சராசரி 4.26. அவ்வளவு பொருத்தமாம்! பிறகு விஷயம் வெளிவந்தது. 39 பேருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த 13 வாக்கியங்களும் பெரும்பாலும் கடையில் விற்கின்ற ஜோசியப் புத்தகத்திலிருந்து பொறுக்கியெடுத்தவை. கேள்வித்தாளில் மாணவர்கள் எழுதிய பதிலுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது.

நமது ஊர் ஜோசியன் செய்வதும் இதுதானே! "வெளியே சிரித்துப் பேசுவாய், உள்ளே ஒரு கவலை அரிக்கும்; நீ பிறருக்குச் செய்த நன்மையை அவர்கள் நினைப்பதில்லை" என்று சொன்னால், இதற்குப் பொருந்தாத மனிதன் எந்த ஊரில் இருக்கின்றான்? கேட்டவன், "கூட இருந்து பார்த்ததுபோல் சொன்னான்" என்று காசு கொடுத்துவிட்டு வருகின்றான்.

ஆனால் இந்தக் கதையைச் சொல்லி ஜோசியனை மாத்திரம் பரிகாசம் செய்துவிட்டுப் போனால் நாம் பாதி உண்மையையே சொன்னவர்களாவோம். ஃபோரர் காட்டியது தமது சொந்தத் தொழிலில் உள்ள ஆபத்தை. "எனக்குச் சரியாக இருந்தது" என்று ஒருவர் சொல்லுவது ஜோசியத்திற்கும் அத்தாட்சியல்ல. விஞ்ஞானத்தின் பெயரால் வரும் கேள்வித்தாளுக்கும் அத்தாட்சியல்ல. அப்படியானால் எதுதான் அத்தாட்சி?

படிக்கல்லும் முத்திரையும்

சந்தையில் தராசைப் பார்த்திருக்கின்றீர்கள். ஒரு கடைக்காரன் கல்லின் அடியைக் குடைந்து எடையைக் குறைத்து வைத்திருக்கின்றான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல்லால் இன்று நிறுத்தாலும், நாளை நிறுத்தாலும் ஒரே அளவுதான் வரும். மாறாமல் இருக்கின்றது என்பதற்காக அது யோக்கியமான கல்லாகிவிடுமா? ஆகாது. ஆகவே அளவுகோலுக்கு இரண்டு லட்சணங்கள் வேண்டும். ஒன்று, அளக்கும்போதெல்லாம் ஒன்றுபோல் காட்ட வேண்டும். இரண்டாவது, எதை அளப்பதாகச் சொல்லுகின்றதோ அதையே அளக்க வேண்டும். முதலாவதைப் பார்ப்பது சுலபம். அதே தாளை அதே மனிதருக்குச் சில வாரம் கழித்துக் கொடுத்து, இரண்டு மார்க்கையும் ஒத்துப் பார்க்கலாம். கஷ்டமெல்லாம் இரண்டாவதில்தான். அரிசிக் கடைக்காரன் கல்லை ஒத்துப் பார்க்கச் சர்க்கார் முத்திரை போட்ட கல் இருக்கின்றது. மனதை நிறுக்கும் கல்லுக்கு முத்திரைக் கல் எங்கே இருக்கின்றது?

இந்தச் சங்கடத்தில் மனோதத்துவக்காரர்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். 1917-ல் அமெரிக்கா முதல் உலக யுத்தத்தில் இறங்கியபோது, பீரங்கிச் சத்தத்தில் மனங்கலங்கிப் போகக்கூடியவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டுமென்று, கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ராபர்ட் உட்வொர்த் என்பவர் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். மனநோய்க்காரரிடம் காணும் குறிகளைக் கேள்விகளாக்கினார். பிறகு சாதாரண மனிதர்களிடம் அவற்றைக் கேட்டு, நூற்றுக்கு 25 பேருக்குமேல் தமக்கு அந்தக் குறி இருப்பதாகச் சொன்ன கேள்விகளைத் தள்ளிவிட்டார். முடிவில் 116 கேள்விகள் நின்றன. ஆனால் அது பட்டாளத்தில் நன்றாக உபயோகப்படுவதற்குள் 1918-ல் யுத்தமே முடிந்துவிட்டது. அதில் ஒரு பெருங்குறையும் இருந்தது. கேள்வியின் கருத்து வெட்ட வெளிச்சமாகத் தெரிவதால், தப்ப நினைப்பவன் ஒரு விதமாகவும், அகப்பட நினைப்பவன் வேறு விதமாகவும் பதில் சொல்லிவிடலாம்.

அதன்பின் மின்னசோட்டா சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில் ஸ்டார்க் ஹாதவே, மெக்கின்லி என்ற இருவர் வேறு வழி பிடித்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்கியங்களைச் சேர்த்துச் சலித்தார்கள். அவற்றை ஆஸ்பத்திரியில் இன்ன மனநோய் என்று டாக்டர்கள் தீர்மானித்தவர்களுக்கும், நோயாளிகளைப் பார்க்க வந்த உறவினர் சினேகிதர் 724 பேருக்கும் கொடுத்துப் பதில் வாங்கினார்கள். நோயாளியும் மற்றவரும் எந்த வாக்கியத்துக்கு வேறுபட்ட பதில் சொன்னார்களோ அதை மட்டும் அந்த நோய்க்குரியதாக வைத்துக்கொண்டார்கள். பார்வைக்கு எவ்வளவு புத்திசாலித்தனமாகத் தோன்றினாலும், வித்தியாசம் காட்டாத வாக்கியம் தள்ளுபடி. பிறகு புதிய நோயாளிகளிடம் மறுபடியும் சோதித்தார்கள். பொய்யைப் பிடிக்கவும் 15 வாக்கியங்கள் வைத்தார்கள். எல்லா மனிதருக்கும் உள்ள சின்னஞ்சிறு குற்றங்கள் அவை. ஒருவர், "எனக்கு ஒன்றுமே கிடையாது" என்றால் அவர் வேஷம் போடுகின்றார் என்று சந்தேகிக்கலாம் அல்லவா? 1943-ல் 550 வாக்கியங்களோடு அது வெளிவந்தது.

இவ்வளவு செய்தும் குறை தீர்ந்ததா? இல்லை. அந்த 724 பேரும் அநேகமாக மின்னசோட்டா பிரதேசத்து வெள்ளைக்காரர். அவர்களுடைய மனதையே எல்லா மனிதருக்கும் படிக்கல்லாக வைத்தால், கறுப்பு மனிதரையும் வேறு தேசத்தாரையும் அந்தக் கல்லால் நிறுப்பது எப்படி நியாயமாகும் என்ற கேள்வி எழுந்தது. ஆகவே 1989-ல், பல மாகாணங்களிலிருந்து எடுத்த 2,600 பேரைக் கொண்டு புதிதாகக் கணக்கெடுத்துத் திருத்தினார்கள். அடுத்த தலைமுறை கல்லைத் திருப்பி நிறுத்துப் பார்த்தது. முன்னோர் செய்தது என்று பூசையில் வைக்கவில்லை. விஞ்ஞானத்துக்கும் சாஸ்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

பிறப்பை அளந்த மோசடி

நிற்க, பொய்க் கல்லால் என்ன கெடுதல் வரும் என்பதைக் கவனியுங்கள். அதே முதல் யுத்தத்தில் அமெரிக்கப் பட்டாளத்தார் சுமார் 17 லட்சம் பேருக்குப் புத்திப் பரீட்சை நடத்தினார்கள். அந்தக் கேள்விகளில் அமெரிக்கப் பந்தாட்டம், அமெரிக்கக் கடைச் சாமான்கள் முதலியவைகளைப் பற்றியவையும் இருந்தன. கப்பலிலிருந்து நேற்று இறங்கிய இத்தாலிக் குடியானவனுக்கும் போலந்துத் தொழிலாளிக்கும் இவை எப்படித் தெரியும்? அவர்கள் குறைந்த மார்க்கு வாங்கினார்கள். கார்ல் பிரிகாம் என்ற ஆசிரியர் 1923-ல் ஒரு புத்தகம் எழுதி, அவர்களுக்குப் பிறப்பிலேயே புத்தி மட்டம் என்று தீர்ப்புச் சொன்னார்.

அவர் கையிலிருந்த கணக்கே அவருக்கு விரோதமாக இருந்தது. அமெரிக்காவில் குடியேறி அதிக வருஷமானவர்கள் அதிக மார்க்கு வாங்கியிருந்தார்கள். 20 வருஷம் அங்கே வாழ்ந்தவர்கள் அங்கேயே பிறந்தவர்களுக்குச் சமமாக நின்றார்கள். அப்படியானால் அந்தப் பரீட்சை அளந்தது புத்தியையா, பழக்கத்தையா? சிறு பையனைக் கேட்டாலும் சொல்லிவிடுவான். பிரிகாமோ, முன்னால் வந்தவர்கள் உயர்ந்த ரத்தம், பின்னால் வந்தவர்கள் தாழ்ந்த ரத்தம் என்று சமாதானம் சொன்னார். பிறப்பினால் உயர்வு தாழ்வு என்ற பேச்சு மனு காலத்து ஏட்டிலிருந்து வந்தாலென்ன, கணக்குப் புள்ளிகளோடு வந்தாலென்ன, இரண்டும் ஒரே புரட்டுத்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 1930-ல் பிரிகாம் தாமே முன்வந்து, தமது முடிவுகளுக்கு ஆதாரமில்லை என்று எழுதி வாபஸ் வாங்கினார். மனுவுக்காக வாதாடுகின்றவர்களில் அப்படிச் செய்தவர் எத்தனை பேர்?

பிடிபட்டதையும் தவறியதையும் எண்ணுங்கள்

இனி, ஒழுங்காகச் செய்த கேள்வித்தாளையும்கூட எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைப் பார்ப்போம். மனச்சோர்வு நோயைக் கண்டுபிடிக்க ஒன்பதே கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உலகெங்கும் வழங்குகின்றது. இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க்கு, மொத்தம் 27. 2001-ல் வெளிவந்த அதன் ஆராய்ச்சியில் 580 நோயாளிகளை, அவர்கள் வாங்கிய மார்க்கைப் பாராமல், மனநோய் நிபுணர் தனியே விசாரித்து ஒத்துப் பார்த்தார்கள். 10 மார்க்கை எல்லையாக வைத்தால், நோயுள்ளவரில் நூற்றுக்கு 88 பேரைத் தாள் கண்டுபிடித்தது. நோயில்லாதவரில் நூற்றுக்கு 88 பேரைச் சரியாக விட்டுவிட்டது.

இது நல்ல தாள்தான். ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 பேர் உள்ள ஊரில் 50 பேருக்கு அந்த நோய் இருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். தாள் அவர்களில் 44 பேரைப் பிடிக்கும். 6 பேரைத் தவறவிடும். நோயில்லாத 950 பேரில் நூற்றுக்கு 12 வீதம் 114 பேரையும் நோயாளி என்று சொல்லும். ஆக, தாள் காட்டிய 158 பேரில் 44 பேருக்குத்தான் உண்மையில் நோய்! ஆகையால் நல்ல தாளும், யாரை மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்றுதான் காட்டும், தீர்ப்புச் சொல்லாது. தீர்ப்பு டாக்டர் நேரில் உட்கார்ந்து விசாரித்துச் சொல்ல வேண்டியது. அப்படி விசாரிப்பதற்கு உதவி செய்தால் அந்தத் தாள் ஓர் உயிரைக் காப்பாற்றும். மனச்சோர்வு பேயுமல்ல, சாபமுமல்ல; வைத்தியம் உள்ள நோய். மந்திரவாதியிடம் போவதைவிட அந்த ஒன்பது கேள்விகள் ஆயிரம் மடங்கு மேல்.

பாஷையிலும் ஒரு சங்கதி உண்டு. இங்கிலீஷில் "நீலமாக இருக்கின்றேன்" என்றால் துக்கமாக இருக்கின்றேன் என்று அர்த்தம். அதை அப்படியே தமிழாக்கினால் சிரிப்புத்தான் வரும். "உனக்குத் தூக்கம் வருவதில்லையா?" என்று கேட்டால், தூக்கம் வராத தமிழன் "ஆமாம்" என்பான், இங்கிலீஷ்காரன் "நோ" என்பான். ஆம், இல்லை என்பதையே எண்ணி மார்க்குப் போடுகின்ற தாளில் இது எவ்வளவு குழப்பம்! ஆகையால் ஒருவர் மொழிபெயர்த்ததை, மூலத்தைப் பாராத இன்னொருவர் திரும்ப இங்கிலீஷாக்கி இரண்டையும் ஒத்துப் பார்ப்பது முறை. அதன்பின் நம் ஜனங்களிடமே கொடுத்து மறுபடி சோதிக்க வேண்டும். அங்கே செல்லுபடியான கல் இங்கேயும் செல்லுபடி என்று எண்ணுவது சோம்பேறித்தனம்.

இளைஞருக்குப் பதில்

இப்போது அந்த இளைஞருக்கு நமது பதில்: தம்பி, ஜாதகத்தை நாம் மறுப்பது அது பழையது என்பதற்காக அல்ல, சோதனைக்கு நிற்கவில்லை என்பதற்காக. அதே சோதனையை இந்தத் தாளுக்கும் வைப்போம். அந்தக் கம்பெனியைக் கேள்: இந்தத் தாளை யாரிடம் கொடுத்துச் சோதித்தீர்கள்? எங்களைப் போன்றவர்கள் அதில் இருந்தார்களா? மறுமுறை கொடுத்தால் அதே மார்க்கு வருமா? நல்ல மார்க்கு வாங்கியவர்கள் உண்மையில் நன்றாக வேலை செய்தார்களா? எல்லாவற்றிற்கும் மேலாக, குறைந்த மார்க்கு வாங்கிய சிலரையும் வேலையில் வைத்துப் பார்த்தீர்களா? வைத்துப் பார்க்கவே இல்லையென்றால், அவர்கள் வேலைக்கு ஆகமாட்டார்கள் என்று எப்படித் தெரிந்தது? இதற்குப் புள்ளி விவரத்தோடு பதில் சொன்னால் ஒப்புக்கொள்ளுவோம். நமக்குக் கசந்தாலும் ஒப்புக்கொள்ளுவோம். பதில் சொல்லாமல், "இது விஞ்ஞானம், நீ பேசாதே" என்றால், அது சாஸ்திரி பேசுகின்ற பேச்சு. உடுப்பு மாத்திரம் வேறு.

தோழர்களே! நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் அந்த 1,000 பேர் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். தப்பு இருந்தால் அடுத்த கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள், திருத்திக்கொள்ளுகின்றோம்.