ஏரித் திருப்பணி

கலசநீர் சொரிந்து நிறைவுறுவது குடமுழுக்கு. அந்நீர் ஊரில் இருக்கவேண்டுமன்றோ?

உத்தரமேரூரிலே, முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்களைக் குடவோலை முறைக்காகப் பலரும் புகழ்கின்றனர். அங்ஙனம் தேர்ந்தெடுக்கப்பெற்றோருள் அறுவர் ஏரி வாரியத்தார் என்பதை ஏனோ மறந்துவிடுகின்றனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பொறுப்புக்கு வருதல் இயலாது. எத்துணைக் கடுமை! அவ்வூர் வைரமேக தடாகத்தில் தூர் எடுப்பதற்கெனப் பல்லவர் காலத்திலேயே பொன் விடப்பட்டது.

தூர் எடுத்தல் ஒருமுறை செய்து ஓயும் பணியன்று. மழை பெய்யுந்தோறும் வண்டல் வந்து படியும். அதனை வாரி வயலிலிட்டால் எருவாகும். விட்டுவிட்டாலோ ஏரி மேடாகும். ஆயினும் ஏரியை மட்டும் ஆழ வெட்டிப் பயனில்லை. மடை மட்டத்திற்குக் கீழே தேங்கும் நீர் கிணறுகளுக்கு ஊறுமேயன்றி வயலுக்குப் பாயாது. வரத்துக்கால் தூர்ந்து கிடப்பின் அதுவும் இல்லை. மேலேரியின் கலிங்கு வழிந்த நீரே கீழேரியை நிரப்புவது. இடையே ஒருவர் வாய்க்காலை அடைத்தால் கீழுள்ள ஊர்கள் பலவும் வறளும்.

2017 ஆம் ஆண்டில் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பழம்பெயராலேயே ஏரிப்பணிகளைத் தொடங்கிற்று. பெயர் மீண்டது, ஊரார் முன் கணக்கு வைக்கும் வழக்கமும் மீளவேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன் ஊரார் வரத்துக்கால் நெடுகிலும் ஒருமுறை நடந்துவருதல் நலம். அதன் கரையைத் தம் வயலோடு சேர்த்துக்கொண்ட அன்பர் சிலர் இவ்வவையிலும் அமர்ந்திருத்தல் கூடும்.