எண்ணப்பட்ட தலைகளும் பறிக்கப்பட்ட வாக்குகளும்



கம்பம் பள்ளத்தாக்கில் ‘கங்காணி’ என்னும் சொல்லுக்குப் பொருள் கூற வேண்டுவதில்லை. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியே ஏலத் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் கூலிக்கு மலையேறிய மக்களின் மண் இது. பழைய மதுரை மாவட்டத்திலிருந்து கடல் கடந்து, இலங்கையின் மலைநாட்டுக்கும் கங்காணிகள் ஆள் சேர்த்தனர். மேற்கு மலை ஏறியோரின் கதை இவ்வூரார் அறிந்தது. கடல் கடந்தோர்க்கு இழைக்கப்பட்டது ஒரு நாட்டைப் போருக்கு இட்டுச்சென்ற வழிகளுள் ஒன்றாயிற்று என்பதோ இங்கு அதிகம் பேசப்படவில்லை.

இந்தியாவில் 1843இலும் இலங்கையில் 1844இலும் அடிமை முறை சட்டத்தால் நீக்கப்பட்டது. இலங்கையில் காப்பித் தோட்டங்கள் பெருகியதும் அக்காலத்தேதான். தோட்டத்தில் அடிமை இல்லை, கடனாளி இருந்தான். வழிச்செலவும் முன்பணமும் அவன் பெயரில் கங்காணியின் கணக்கில் ஏறின. வேறு தோட்டம் செல்வதற்குத் ‘துண்டு’ வேண்டும். கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்பதாக எழுதிய சீட்டு அது. புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தி, மீண்டும் அவன் தலையிலேயே ஏற்றும். ஆளை விற்பதற்கும் ஆளின் கடனைக் கைமாற்றுவதற்கும் வேறுபாடு காண்பது எளிதன்று. 1921இல்தான் துண்டு ஒழிந்தது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு 7 இடங்களை வென்றது. தலவாக்கலையில் வென்றவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தொகுத்தவரும் அவரே. (கவிஞருக்கு மக்கள் வாக்களித்த காலமும் ஒன்று இருந்தது!) வேறு தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரிகளுக்கு வலுச்சேர்த்தது. ஆட்சியாளரின் அச்சத்திற்கு அதுவே காரணம் எனக் கொள்வது பொருந்தும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 லட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் அவர்தம் வாக்கைப் பறித்தது. 1952இல் காங்கிரசுக்கு ஓர் இடமும் இல்லை.

இங்கே நின்று நோக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. 1952, 1956 தேர்தல்களுக்குரிய தொகுதிகள் மொத்த மக்கள் தொகையைக் கொண்டு முன்னரே வகுக்கப்பட்டவை. மலைநாட்டுக்குக் கிடைத்த இடங்களின் எண்ணிக்கையில் தோட்டத் தமிழரின் தலைகளும் அடங்கியிருந்தன. அவ்விடங்களை நிரப்பியவை பிறர் வாக்குகள். அமெரிக்காவின் 1787ஆம் ஆண்டு அரசமைப்பும் இத்தகையதே. அடிமைகள் ஐவரை மூவராக எண்ணித் தென் மாநிலங்களுக்கு இடங்களை மிகுவித்தது, அடிமைக்கோ வாக்கில்லை. மிகுந்த அவ்விடங்கள் அடிமை முறையைக் காக்கவே உதவின. புதிய நிலப்பகுதிகளில் அம்முறை புகலாமா என்னும் வழக்கு மன்றத்தில் தீராது முற்றி, 1861இல் போராயிற்று. அங்கே எண்ணியது ஐந்தில் மூன்று பங்கு. இலங்கையில் முழுத் தலை.

இலங்கைப் போர் தோட்டத் தொழிலாளர் பொருட்டு மூண்டது என்பாரும் உளரெனின், அது பொருந்தாது. தனிநாட்டுக் கோரிக்கையைத் தொண்டமான் ஏற்கவில்லை. ஆயினும் 1977, 1983 வன்முறைகள் தோட்டத்தாரை விட்டுவைக்கவில்லை. போரின் வேரைத் தேடுவோர் வேறோரிடம் செல்ல வேண்டும். குடியுரிமைச் சட்டங்களைப் பற்றிய வழக்கே தமிழர் அரசியலைப் பிளந்தது. ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையில் சேர, செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஒரு சாராரின் உரிமையை வெறும் பெரும்பான்மையால் நீக்கலாம் எனில் அடுத்தது எது என்னும் வினாவுக்கு, 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் விடை கூறிற்று. 1976இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம், 1983இல் போர்.

இடையில் 1964இல் சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்து, 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதென விட்டுவைத்தது. காணி பிரிப்போர் கூடக் காணியிலிருப்போரை ஒரு சொல் கேட்பர். இவர்களை எவரும் கேட்கவில்லை.

நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. சி. வி. வேலுப்பிள்ளை 1984இலேயே மறைந்திருந்தார்.