கையெழுத்துப் போடும் முன் ஒரு நாள் பொறுங்கள்!

(காற்றாலை நிலப் பிரச்சனை பற்றிய கிராம விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, காட்டு வேலையை முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் விவசாயச் சொந்தங்களே!

வைகாசி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம்ம பக்கம் காற்றுக் கிளம்புகிறது. புரட்டாசி வரைக்கும் ஓயாது. நமக்கு அது மழை மேகத்தைக் கலைத்துவிட்டுப் போகிற காற்று. கம்பெனிக்காரர்களுக்கு அதுதான் காசு. 1986இல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் தொடங்கிய காற்றாலை, 1990களில் நம்ம கேத்தனூர், பூளவாடிப் பக்கம் வந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இதில் பெரும்பகுதி நிற்பது யார் காட்டில்? நம்மைப் போன்ற மானாவாரி விவசாயி விற்ற காட்டில்!

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சங்கம் காற்றாலைக்கு எதிரி அல்ல. கரி எரிக்காமல், புகை இல்லாமல் கரண்டு வருவது நல்லதுதான். நம்ம கிணற்று மோட்டாரும் கரண்டில்தான் ஓடுகிறது. எந்தப் பத்திரத்தில், யார் போட்ட நிபந்தனையில் அந்தக் காத்தாடி நம்ம காட்டுக்குள் வருகிறது என்பதுதான் நம் கேள்வி.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். 1995இல் எங்க ஐயன் இரண்டு ஏக்கர் மேட்டாங்காட்டை ஒரு கம்பெனிக்குக் கிரயம் செய்து கொடுத்தார். அன்றைய விலைக்கு அது நல்ல விலைதான். ஆனால் பத்திரத்தின் நாலாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. மீதி நிலத்தின் வழியாக "வண்டி வாகனங்கள் போக வரவும், மின்கம்பி கொண்டு செல்லவும் பாத்தியதை" என்று எழுதியிருந்தார்கள். எத்தனை அடி அகலம், எந்தப் பக்கம் என்று ஒன்றும் இல்லை. ஐயன் படிக்கவில்லை. கூட நின்ற நான் படித்தவன், நானும் படிக்கவில்லை!

அப்புறம் என்ன நடந்தது? காட்டை நடுவில் கிழித்து மண்ரோடு போட்டார்கள். ஓடைக்குக் குழாய் வைக்காமல் ரோட்டை மேடாக்கியதால், ஐப்பசி மழைத்தண்ணி பங்காளி காட்டில் தேங்கி நின்று சோளப்பயிர் அழுகியது. அவரிடம் ஏச்சு வாங்கியது நாங்கள், கம்பெனி அல்ல. கிணற்றடிக்குப் போர் போடப் போனால், குறுக்கே கம்பி போகிறது, போர் வண்டி நிமிர முடியாது. இரண்டு ஏக்கர் விற்றோம், ஆறு ஏக்கர் முடங்கியது.

இப்போது அதே கதை பெரிதாக வருகிறது. அன்றைக்கு வந்த மிசின் 250 கிலோவாட். இன்றைக்கு வருவது 2,000, 3,000 கிலோவாட். கோபுரம் மட்டும் 120 மீட்டருக்கு மேல். ஒரு இறக்கை 60 மீட்டருக்கு மேல். அந்த இறக்கையை ஏற்றி வரும் லாரி திரும்புவதற்கு இட்டேரி பத்தாது, வேலியும் மரமும் போகும். கிரேன் நிற்கத் தனித் திடல் வேண்டும். கோபுரத்தைப் பக்கத்துக் காட்டு எல்லையை ஒட்டி நட்டால் இறக்கை அவர் காட்டுக்கு மேலே சுற்றும். அவருக்கு ஒரு பைசா கிடையாது!

பழைய மிசினை எடுத்துவிட்டுப் பெரியது வைக்க, தமிழ்நாடு அரசு 2024இல் தனிக் கொள்கையே கொண்டுவந்திருக்கிறது. என் காட்டுக்கும் ஆள் வந்தாயிற்று. ஐயன் கையெழுத்துப் போட்ட அதே வரியைக் காட்டி, "பாத்தியதை இருக்குங்க, ரோட்டை அகலப்படுத்தப் போறோம்" என்கிறார்கள். முப்பது வருசத்துக்கு முன்னால் படிக்காமல் விட்ட ஒரு வரி இன்றைக்கு என் பிள்ளைகள் வாசலில் வந்து நிற்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். என் சொந்தத் தம்பி போன மாதம் அட்வான்ஸ் வாங்கிவிட்டான். மகள் கல்யாணம். அவனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். முடை வந்த வீட்டைப் பார்த்துத்தானே புரோக்கர் வருகிறான்! அதனால்தான் சொல்கிறேன், தனி ஆளாகக் கையெழுத்துப் போடாதீர்கள். ஊராகப் பேசுவோம்.

கணக்கைப் பாருங்கள். நல்ல காற்றுள்ள இடத்தில் 2,000 கிலோவாட் மிசின் ஒன்று வருசத்துக்கு 40 லட்சம் யூனிட் வரை கொடுக்கும். யூனிட் மூன்று ரூபாய் என்று குறைத்தே போடுங்கள். ஒரு கோடியே இருபது லட்சம்! 25 வருசம் ஓடப்போகும் மிசினுக்கு ஒரே தடவை பணம் வாங்கிக்கொண்டு நிலத்தை விட்டுக்கொடுப்பது என்ன நியாயம்?

அடுத்தது லைன். "கவர்மெண்டு பவர் கொடுத்திருக்கு, நீங்க மறிக்க முடியாது" என்று மிரட்டுவார்கள். பயப்படாதீர்கள். 2003 மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவுப்படி, அரசு எழுத்து மூலம் ஆணை போட்டுக் கொடுத்தால்தான் அந்த அதிகாரம் வரும். அது இல்லாதபோது, 2006ஆம் ஆண்டு விதிகளின்படி நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும். நாம் மறுத்தால் கலெக்டரின் எழுத்து அனுமதி வாங்கி வர வேண்டும். "ஆணையைக் காட்டுங்க" என்று கேளுங்கள்.

உயர்மின் கோபுரங்களை எதிர்த்து 2018 டிசம்பரில் நம்ம மேற்கு மாவட்டங்களில் விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2015இல் ஒன்றிய மின் அமைச்சகம் கோபுர இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம் என்றது. 2024இல் அதையே 200 சதவீதம் என்று மாற்றியது. போராடினால்தான் ஏறும்! ஆனால் அந்த வழிகாட்டுதல் 66 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள லைனுக்குத்தான். காத்தாடியிலிருந்து துணைமின் நிலையத்துக்குப் போகும் 33 கிலோவோல்ட் லைன் அதில் வராது. ஆகவே பத்திரத்தில் நாமே எழுதி வாங்கினால்தான் உண்டு.

நம் கோரிக்கைகள்:

1. நிலம் விற்பனை இல்லை, குத்தகை மட்டும். குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும், செலவு கம்பெனியுடையது. வருசா வருசம் தொகை, மூன்று வருசத்துக்கு ஒருமுறை உயர்வு.

2. பொது அதிகாரப் பத்திரம் யாருக்கும் கொடுப்பதில்லை.

3. பாதையின் அகலம், நீளம், லைன் போகும் தடம் எல்லாம் புலப்படத்தில் குறித்துப் பத்திரத்தோடு சேர்க்க வேண்டும். மிசினை மாற்றினால் புதிய ஒப்பந்தம்.

4. ஓடை, வாய்க்கால், குட்டையில் ஒரு கூடை மண்ணும் கொட்டக் கூடாது. இறக்கை சுற்றும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் இழப்பீடு.

5. குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். ஒன்றிய அமைச்சகத்தின் 2016 வழிகாட்டுதலில் சொன்ன தூரம்தான் இது.

6. ஆயுள் முடிந்தால் கோபுரத்தையும் மண்ணுக்குள் இருக்கும் கான்கிரீட்டையும் எடுத்து, உழுகிற நிலமாகத் திருப்பித் தர வேண்டும். அதற்கான தொகையைக் கையெழுத்துப் போடும் அன்றே வங்கி உத்தரவாதமாகக் கட்ட வேண்டும்.

இந்த ஆறையும் வருகிற கிராம சபையில் தீர்மானமாகப் போடுவோம். கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளுக்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள், பெண்களும் வாருங்கள். பதில் இல்லையென்றால் கிரேன் வரும் பாதையில் உட்காருவோம்.

அதுவரை பத்திரம் நீட்டினால் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: "நாளைக்கு வாங்க, சங்கத்துல படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றோம்." எங்க ஐயன் அன்றைக்கு அந்த ஒரு நாள் பொறுக்கவில்லை. நீங்கள் பொறுங்கள்.

விற்காதே நிலத்தை! படிக்காமல் போடாதே கையெழுத்தை!
ஒன்றுபடுவோம்! உரிமையை மீட்போம்!