கேட்டா குத்தமா?



'மார்க்கத்தைக் காப்பது முன்னோர் வழக்கமே' என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டுப் போனார். தாத்தா செஞ்சார், அத்தா செஞ்சார், நாமும் செய்வோம்னு சொன்னார். ஐயா, இந்தச் செஞ்சிக்கோட்டைக்குள்ளே 1717-18-ல் சாதத்துல்லா கான் கட்டிய பள்ளிவாசல் நிக்குது. முன்னூறு வருஷத்துக் கட்டடம். அதுல ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது. ஆனா, பழக்கம் கட்டடமில்லீங்க. அதைத் தட்டித்தான் பார்க்கணும்! (கைதட்டல்)

நான் சொல்லலை. முன்னோர் விளங்காம செஞ்சிருந்தாலும் அவங்க வழியேதான் போவீங்களா என்று குர்ஆனே கேட்கிறது. இரண்டாம் அத்தியாயம், 170-ஆம் வசனம்.

ஒரே ஒரு வழக்கத்தைத் தட்டிப் பார்ப்போமா? மணமகன் மணமகளுக்கு மனமுவந்து தரவேண்டியது மஹர். நாலாம் அத்தியாயம் சொல்கிறது. நம்ம கல்யாணத்துல என்ன நடக்குது? மஹர் ஆயிரத்தொண்ணு ரூபாய். அதை நிக்காஹ் பதிவேட்டிலே அழகா எழுதுறோம். பொண்ணு வீட்டில் வாங்கின அஞ்சு லட்சம்? அது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது! (சிரிப்பு, கைதட்டல்) கொடுக்கச் சொன்னது வேதம். வாங்கச் சொன்னது வழக்கம். இதுல எது மார்க்கம்?

'ஆளாளுக்குப் பொருள் சொன்னா குழப்பம் வராதா?' என்றார் எதிரணி அம்மா. நியாயமான பயம். படிச்ச ஆலிமிடம் போங்க, வேண்டாங்கலை. ஆனா, வாயைத் திறந்து கேளுங்க. கவ்லா என்ற பெண்மணி யாரிடம் கேட்டார்? நபிகள் நாயகத்திடமே! கணவர் 'நீ எனக்குத் தாய் போல' என்று சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னா உறவே முறிஞ்சது என்பது அந்தக்கால அரபு வழக்கம். அது நியாயமா என்று வாதாடினார். அவர் முறையீடு கேட்கப்பட்டது. அந்த வழக்கம் கண்டிக்கப்பட்டது. 58-ஆம் அத்தியாயத்துக்குப் பேரே 'தர்க்கம் செய்தவள்'. பட்டிமன்றத்துக்கு வந்த எனக்கு இதைவிடத் தெம்பு வேணுமா, நடுவரே? (சிரிப்பு)

இது இன்னிக்கு முளைச்ச பேச்சுமில்லை. நாச்சியார்கோயில் பா. தாவூத்ஷா, 1885-ல் பிறந்தவர். 'தாருல் இஸ்லாம்' பத்திரிகை நடத்தி, வேதத்தைத் தமிழில் பொருளறிஞ்சு படிங்க, மூடப்பழக்கத்தை விடுங்கன்னு எழுதினார். எதிர்ப்பு வந்தது. பேனாவைக் கீழே வைக்கலை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம், பெண்கள் தங்கள் வழக்கைத் தாங்களே பேச ஒரு பெண்கள் ஜமாஅத்தையே கூட்டினார். இவங்க யாரும் மார்க்கத்தை விட்டு வெளியே போகலை. உள்ளே நின்னுதான் கேட்டாங்க.

வேதம் கேட்காத பணத்துக்காக, வயசு முப்பதைத் தாண்டியும் ஒரு பொண்ணு வீட்டுக்குள்ளே உட்கார்ந்திருக்கா. அவளுக்குப் பதில் சொல்லப் போவது வழக்கமா, சிந்தனையா? சிந்தனையே என்று நல்ல தீர்ப்பு தாருங்கள். (பலத்த கைதட்டல்)