அணுவிரதமும் அரசியலும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்க்கு ஆற்றிய உரை)

 

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் குகைத்தளத்தில் சமண முனிவரின் கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. அனைத்தையும் துறந்த அம்முனிவரும் ஊரைத் துறந்தாரல்லர். ஊரார்க்கு அறம் உரைக்கும் தொலைவிலேயே தங்கினர்.

“அரசியல் ஒரு சாக்கடை, உனக்கு ஏனப்பா அந்த வேலை?” என்று பிள்ளைகளைத் தடுக்கும் பெற்றோர் சமணக் குடும்பங்களில் உண்டு. பொய்யும் பகையும் பொருளாசையும் மலிந்த இடத்தில் விரதம் கெடுமே என்னும் அச்சம் அது. அச்சம் மதிக்கத்தக்கது, முடிவு சரியன்று. ஏர் உழும்போது மண்ணில் வாழும் சிற்றுயிர்கள் மடிகின்றன. அதற்காக உழவுக்குடியினராகிய தமிழ்ச் சமணர் ஏரைக் கைவிட்டனரா? துறவியர்க்கு மாவிரதம், இல்லறத்தார்க்கு அணுவிரதம் என அறநூல்கள் வகுத்தது இதனாலன்றோ! உலகியலில் நின்றே இயன்ற அளவு தீங்கைக் குறைப்பது இல்லறத்தான் கடன். உழவுக்குப் பொருந்தும் அந்நெறி ஊராட்சிக்கும் பொருந்தும்.

காவிரிக்கு அப்பால் உள்ள திருவரங்கத்தில் 1880ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் தி. சே. சௌ. ராஜன். இங்கிலாந்து வரை சென்று மருத்துவம் பயின்றவர். தொழிலே போதும் என்று அவர் இருந்திருக்கலாம். ஆனால், 1930 ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் வேதாரணியத்திற்கு உப்பு அறப்போர் நடைப்பயணம் தொடங்கியது திருச்சியில் இருந்த அவருடைய இல்லத்திலிருந்துதான். தொண்டர்க்கு உணவளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். மக்களோ சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டி வைத்தனர்! சிறை கண்ட ராஜன், 1937இல் சென்னை மாகாண அமைச்சராகிப் பொதுச் சுகாதாரத் துறையை ஏற்றார். நோயாளிக்கு மருந்து கொடுத்த கை, மாகாணத்தின் நலவாழ்வைப் பேணும் பொறுப்பையும் ஏற்றது.

அப்போரை நடத்திய அகிம்சையின் வேரில் சமணத்தின் நீரும் உண்டு. காந்தியடிகள் தம் வாழ்வில் ஆழ்ந்து பதிந்தவராகப் போற்றிய இராஜசந்திரர், பம்பாயில் மணி வணிகம் செய்த சமண இல்லறத்தார்.

இது பழங்கதை மட்டுமன்று. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியில் கற்படுக்கையும் தமிழிக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் திருவுருவமும் உள்ளன. அவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் வரவிருந்தது. கிராமசபைகள் தீர்மானம் இயற்றின; உழவர் ஊர்வலம் சென்றனர்; 2024 டிசம்பரில் சட்டப்பேரவையும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது. சமணச் சின்னங்களையும் சேர்த்துக் காத்த அம்மக்கள் வழிபாட்டால் சமணர் அல்லர். சிறுபான்மைச் சமூகம் தன் பொருளைப் பிறர் காக்கட்டும் என்று எத்தனை காலம் வாளா இருப்பது?

மாணவச் செல்வங்களே! 1989 முதல் பதினெட்டு வயதினர்க்கு வாக்குரிமை உண்டு. இருபத்தொரு வயதில் ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம். முதற்படியாக, விடுமுறையில் சொந்த ஊர் செல்லும்போது கிராமசபையில் அமருங்கள். வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். ஏரியையும் பள்ளியையும் பற்றிப் பேசுங்கள். எந்தக் கட்சி என்பது உங்கள் உரிமை. வாய்மை, கள்ளாமை, மிகுபொருள் விரும்பாமை ஆகியவற்றை உடன் கொண்டு செல்லுங்கள். பொதுவாழ்வில் அரிதாகிவரும் சரக்கு இவையே.

பெற்றோர்களே! மகன் மருத்துவரானால் மகிழ்கிறீர்கள்; மகள் பொறியாளரானால் பெருமை கொள்கிறீர்கள். ஊராட்சித் தலைவராக நிற்கிறேன் என்று ஒரு பிள்ளை நாளை வந்து சொன்னால், தடுக்க வேண்டா. விரதத்தை நினைவூட்டி, வாழ்த்தி அனுப்புங்கள்.

வாழ்க அறம்! வளர்க அகிம்சை!